பயம் குடியிருக்கும் இடம்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து எங்கள் சுகாதார கிளினிக்குக்கு வருகிறவர்களில், தமக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் அநேகமாக ஒருவரும் இல்லை. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை கால் வெலவெலத்துப் போகிறது, இரவில் தூக்கம் பிடிப்பதில்லை என்றுதான் சொல்வார்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்தால் குறை இராது. ஆனால் அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் வீட்டுப் பெரியவர்கள் "பிள்ளை எதையோ கண்டு பயந்திருக்கிறது, மிஸி" என்று முன்னதாகவே கண்டறிந்து, முனீஸ்வரர் கோவிலில் திருநீறு போட்டுக் கயிறும் கட்டியிருப்பார்கள். மிஸி என்று அவர்கள் அழைக்கும் தாதியாக இங்கே பணியாற்றும் இத்தனை ஆண்டுகளில் அந்தக் கண்டறிதலை நான் அலட்சியப்படுத்தியதில்லை. பயம் உடம்பில்தான் முதலில் தெரியும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருக்கிறார்கள்.

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் பெண்மணி. என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்றே அழைப்பேன். வெட்டிய மட்டைகளை நிரைகளுக்கு நடுவே குவித்து வைப்பார்கள். எலிகள் அங்கே தங்கும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். அப்படி ஒரு குவியலுக்கு அருகில் அவர் குனிந்தபோது நாகம் ஒன்று படமெடுத்து நின்றிருக்கிறது. கடிக்கவில்லை, சாக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார். ஆனால் மறுநாள் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆட்கணக்கு எடுக்கும் இடத்தில், பெயர் கொடுத்தவரால் காட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. மட்டை உரசும் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைத்துக்கொண்டது.

அந்த ஒரு கணத்தில் மூளை செய்த வேலையை அவருக்கு எளிய தமிழில் விளக்கினேன். மூளையின் இரு பக்கமும் உள்ளே ஆழத்தில் அமிக்டலா என்ற சிறு பகுதி இருக்கிறது. ஆபத்தோடு சேர்ந்து வந்த ஒலி, மணம், உருவம் ஆகியவற்றை ஆபத்தின் அறிகுறிகளாகப் பதித்து வைப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஒலி அமிக்டலாவை இரண்டு வழிகளில் சென்றடைகிறது என்பதை நரம்பியல் ஆய்வாளர் ஜோசப் லெடூ எலிகளிடம் செய்த ஆய்வுகளில் காட்டினார்: ஒன்று, புலன் செய்திகளை வாங்கி அனுப்பும் தாலமஸிலிருந்து நேராகச் செல்லும் குறுக்குவழி, மற்றொன்று மூளையின் வெளியடுக்கான பெருமூளைப் புறணியைச் சுற்றிச் செல்லும் நீண்ட வழி. "இது வெறும் மட்டைதான்" என்று அறிவு தெளிவதற்குள் உடம்பு தயாராகிவிடுவதற்கு இதையே காரணமாகச் சொல்வார்கள். பின்னாளில் லெடூவே அமிக்டலாவைப் பயத்தின் இருப்பிடம் என்று சுருக்கிச் சொல்ல வேண்டாம் என்றார். அச்சுறுத்தலுக்கு உடம்பைத் தயார்செய்யும் சுற்று வேறு, பயமாக இருக்கிறது என்று நாம் உணர்வது வேறு என்பது அவர் கருத்து. கிளினிக்கில் தினமும் நோயாளிகளைப் பார்க்கும் எனக்கு இந்தப் பிரிவு மிகச் சரியாகப் படுகிறது. மனத்தில் தைரியமாக இருப்பதாகச் சத்தியம் செய்பவரின் உள்ளங்கை அதே நேரத்தில் வியர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அமிக்டலா இல்லாவிட்டால் பயமே இராது என்றும் சொல்வதற்கில்லை. எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் அமெரிக்கப் பெண்மணிக்கு அரிய நோய் ஒன்றால் இரு பக்க அமிக்டலாவும் சிதைந்துபோயின. பாம்பைக் கையில் கொடுத்தாலும் அவருக்குப் பயம் வரவில்லை. ஆனால் 2013இல் வெளியான ஆய்வில், 35 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசித்தபோது அவரும், அதே பாதிப்புள்ள வேறு இருவரும் கடுமையான பீதிக்கு ஆளானார்கள். உடம்பின் உள்ளிருந்து மூச்சுத் திணறலாக எழும் பீதிக்கு அமிக்டலாவைச் சாராத வேறு வழி இருக்கிறது. அதனால்தான் மூச்சு முட்டுகிறது என்று வருகிறவரிடம் "கண்ணுக்கு எதிரே ஒன்றும் இல்லையே, எதற்குப் பயம்?" என்று கேட்க என்னால் முடிவதில்லை.

எங்கள் மருத்துவரும் உளவியல் அதிகாரியும் சேர்ந்து அக்காவுக்குப் படிப்படியான பயிற்சி தொடங்கினார்கள். முதலில் பாம்புப் படம், பிறகு காணொளி, அதன்பின் காய்ந்த மட்டை ஒன்றைக் கையால் தொடுவது. ஒவ்வொன்றிலும் படபடப்பு ஏறி, தானாகவே இறங்கியது. சில வாரங்களில் கிளினிக் அறைக்குள் அவர் முழு நிதானத்தோடு இருந்தார். ஆனால் தோட்டத்தில் நிலைமை மாறவில்லை. "இங்கே உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை, மிஸி. காட்டு ஓரத்துக்குப் போனால்தான் உயிரே போய்விடுகிறது" என்றார். சந்தையில் சிரித்துப் பேசுகிறவள் வேலைக்கு வந்தால் மட்டும் மயங்குகிறாள், இது நடிப்பு என்று அவருடைய மேற்பார்வையாளர் பெரட்டில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னது அக்காவைப் பாம்பைவிட அதிகமாகக் காயப்படுத்தியிருந்தது.

அது நடிப்பல்ல என்பதற்கு நரம்பியலில் தெளிவான விடை இருக்கிறது. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அதற்காகத்தான். ஓர் ஒலி கேட்டால் உணவு வரும் என்று பழகி எச்சில் சுரக்கும் நாய்க்கு, அந்த ஒலிக்குப் பின் உணவு தராமல் நிறுத்தினால் சுரப்பு அடங்குவதையும், சிறிது காலம் கழித்து அது தானாகத் திரும்புவதையும் ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவ் எழுதிவைத்தார். அடங்கியது அழியவில்லை என்பதற்கு அதுவே சான்று. பயமும் அப்படித்தான். அமிக்டலாவில் பதிந்த பழைய பாடம் அங்கேயே இருக்க, இந்த அறிகுறியால் இப்போது ஆபத்தில்லை என்ற புதிய பாடம் தனியே எழுதப்படுகிறது. அந்தப் புதிய நினைவைத் தாங்குவதில் முன்மூளைப் புறணியின் நடுக் கீழ்ப்பகுதிக்குப் பங்குண்டு என்பதை ஆய்வாளர்கள் முகமது மிலாதும் கிரெகரி குவிர்க்கும் 2002இல் எலிகளிடம் காட்டினார்கள். இரண்டு பாடங்களுக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. பயத்தின் பாடம் எல்லா இடத்துக்கும் எளிதில் பரவுகிறது. பாதுகாப்பின் பாடமோ அது கற்கப்பட்ட இடத்தோடு பெரிதும் பிணைந்து நிற்கிறது. ஓர் அறையில் பயம் தணிந்த எலியை வேறு அறைக்கு மாற்றினால் பயம் மீள்வதை உளவியலாளர் மார்க் பௌட்டனின் ஆய்வுகள் நிறுவியிருக்கின்றன. எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை அறிய உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி இதில் ஈடுபடுகிறது. அக்கா கிளினிக்கில் கற்றது கிளினிக்குக்கு உரிய பாடம். காட்டில் ஆபத்தில்லை என்பதைக் காட்டில் வைத்துத்தான் கற்பிக்க முடியும்.

ஆகவே பயிற்சி செம்பனைக் காட்டுக்கு இடம் மாறியது. நிர்வாகத்தின் அனுமதியோடு, அக்காவின் கணவரையும் அழைத்துக்கொண்டு, காலை வேளைகளில் நிரை ஓரம் வரை நடந்தோம். கணவர் அன்பு மிகுந்தவர். மனைவியின் கையைப் பற்றிக்கொண்டு "அந்தப் பக்கம் பார்க்காதே, நான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவரைச் சற்றுப் பின்னால் நிற்கும்படி உளவியல் அதிகாரி கேட்டுக்கொண்டார். அதற்கான காரணம், வியப்பாக, வெகுமதியைப் பற்றிய ஆய்வுகளிலிருந்து வருகிறது.

குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, டோப்பமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்த நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், அவை சாற்றின் இன்பத்துக்காகத் துடிப்பதைவிட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டுக்கே துடிக்கின்றன என்று கண்டார். அவரும் பீட்டர் தயானும் ரீட் மாண்டேக்கும் 1997இல் எழுதிய கட்டுரை இத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது. வலிக்கும் என்று எதிர்பார்த்த அதிர்ச்சி வராமல் போகும் கணத்திலும் சில டோப்பமின் அணுக்கள் துடிக்கின்றன என்பதும், அந்தத் துடிப்பைத் தடுத்தால் பயம் தணியக் கற்பது கெடுகிறது என்பதும் பின்னர் சுண்டெலிகளில் தெரியவந்தன. நேரவிருந்த கேடு நேரவில்லை என்பதை மூளை ஒரு நற்பேறாகவே கணக்கில் வைக்கிறது. ஆனால் கேட்டை எதிர்பார்த்தால்தான் அந்தக் கணக்கு உண்டாகும். கண்ணை மூடிக்கொண்டு, கணவர் கையைப் பிடித்தபடி கடந்துவிட்டால், "அவர் இருந்ததால் தப்பினேன்" என்ற பாடம்தான் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு குவியலுக்கு முன்பும் என்ன நடக்கும் என்று நினைக்கிறார் என்பதை அக்காவைச் சொல்லச் சொன்னோம். கடந்த பிறகு என்ன நடந்தது என்று கேட்டோம். அந்த இரண்டு பதில்களுக்கும் இடையிலுள்ள தொலைவுதான் மருந்து.

இதில் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். காட்டில் பாம்பு உண்மையாகவே இருக்கிறது. பயத்தை முற்றிலும் துடைத்துவிடுவது எங்கள் நோக்கமல்ல, அது பொறுப்பான வைத்தியமும் ஆகாது. முழங்கால் வரை வரும் பூட்ஸ், குனியுமுன் கோலால் தட்டிப் பார்ப்பது, கையால் துழாவாமல் வாரியால் இழுப்பது ஆகியவை எல்லோருக்கும் உரிய எச்சரிக்கைகள். அவற்றை அக்கா விடவில்லை. அவர் மணிக்கட்டிலிருந்த கயிற்றையும் யாரும் கழற்றச் சொல்லவில்லை.

அக்கா வேலைக்குத் திரும்பினார். தீபாவளி விடுமுறைக்குப் பின் முதல் நாள் மீண்டும் நெஞ்சு அடைத்தபோது, இப்படி நேரும் என்று முன்பே பேசி வைத்திருந்ததால், வீட்டுக்கு ஓடாமல் நிரை ஓரத்தில் நின்று மூச்சு சீராகும்வரை காத்திருந்து வேலையைத் தொடர்ந்தார். இப்போது எங்கள் பகுதித் தோட்டங்களுக்குச் சுகாதார விளக்கம் தரப் போகும்போதெல்லாம் மேற்பார்வையாளர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இடைவெளிக்குப் பின் பயம் திரும்பினால் அவரை ஏசாதீர்கள், பரிதாபப்பட்டு நிரந்தரமாக வேறு வேலைக்கு மாற்றியும் விடாதீர்கள். அவர் பழகிய அதே நிரையைக் கொடுத்து, பாதி நாளாவது அங்கே நிற்க விடுங்கள். எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், நாங்கள் வந்து உடன் நடக்கிறோம்.