மினியேச்சர் வினாவா? முகத்தைக் கடைசியாகப் பாருங்கள்

கலை வரலாறு, அருங்காட்சியகவியல் தேர்வுகளில் ஓர் ஆங்கிலேய மினியேச்சரை (உள்ளங்கையில் அடங்கும் சிற்றுருவப்படத்தை) காட்டி ‘காலம் கணிக்க’ என்று கேட்டால், பலர் முகத்தின் அழகை வர்ணித்தே அரைப்பக்கத்தை நிரப்பிவிடுகிறார்கள். எதன்மேல் வரையப்பட்டது என்பதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும்.

1700க்கு முந்தைய நீர்வண்ண மினியேச்சர் என்றால் பெரும்பாலும் மெல்லிய கன்றுத்தோல்தான். பின்னால் சீட்டுக்கட்டு அட்டை ஒட்டியிருக்கும். சதை நிறத்தைச் சமமாகப் பூசிவிட்டு, அதன்மேல் நுண்கோடுகளால் முகத்தை எழுப்புவார்கள். இங்கிலாந்தில் கன்றுத்தோலுக்குப் பதிலாகத் தந்தத்தைப் புகுத்தியவர் ஓவியர் மூன்றாம் பெர்னார்ட் லென்ஸ், 1707 வாக்கில். தந்தம் வழவழப்பானது, நீர்வண்ணம் எளிதில் பிடிக்காது. ஆகவே பூதக்கண்ணாடியில் புள்ளிகளும் குறுங்கீற்றுகளும் தெரியும். பிற்காலத்தவர்கள் தந்தத்தின் வெண்மையையே சதையின் ஒளியாக விட்டுவைத்தார்கள்.

மாதிரிக்கு, லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் உள்ள, ஓவியர் நிக்கோலஸ் ஹில்லியர்ட் வரைந்த இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் மினியேச்சர். உயரம் சுமார் 5 செ.மீ. பொன்னெழுத்தில் ஆண்டு 1572, வயது 38. அரசி பிறந்தது 1533 செப்டம்பரில். பிறந்தநாளுக்கு முன் என்றால் கணக்கு பொருந்துகிறது. அந்தக் கழித்தலை விடையில் எழுதிக் காட்டுங்கள்.

அதிகம் சறுக்குவது சேதத்தைப் படிப்பதில்தான். ஹில்லியர்ட் பொற்கொல்லராகப் பயின்றவர். முத்து வரைய வெள்ளை வண்ணத்தைக் குமிழாக உயர்த்தி, உச்சியில் வெள்ளிப் புள்ளி வைத்துச் சிறு விலங்கின் பல்லால் மெருகேற்றுவார். காற்றிலுள்ள கந்தகம் பட்டு அந்த வெள்ளி கறுத்துவிட்டது. ‘கருமணி பதித்த நகை’ என்று எழுதினால் தவறு. முகமும் அப்படியே: நிழல் இல்லாதது ஓவியரின் விருப்பம், வெளிறியது வெளிச்சத்தின் வேலை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழப்பாதீர்கள். காட்சிப்பேழையில் ஒளி 50 லக்ஸை (ஒளியளவின் அலகு) தாண்டக் கூடாது என்பதன் காரணமும் இந்த வெளிறல்தான். தந்தத்துக்கு ஈரப்பத ஏற்ற இறக்கம் எதிரி, வளைந்து, பிளக்கும்.

கையெழுத்தை விட்டுவிடாதீர்கள். மினியேச்சர் ஓவியர் ஜான் ஸ்மார்ட் 1785 முதல் 1795 வரை சென்னையில் இருந்தவர். ஆற்காட்டு நவாப் முகம்மது அலியை வரைந்தவர். இங்கே வரைந்தவற்றில் ஜே, எஸ் என்ற முதலெழுத்துகள், ஆண்டு, அதோடு இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். லண்டனில் வரைந்தவற்றில் அந்த ‘ஐ’ இருக்காது.