ஸ்ட்ரைக்கர் குத்திய ஓட்டையும் என் வான்டைக் பிரவுனும்

நாலு ஞாயிற்றுக்கிழமை, பதினேழு தாள். கடைசியில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் கச்சிதமாக விழுந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நிற்கிற விவசாயியின் முகம் இன்னமும் சேறுதான். இருந்தாலும் அந்த வட்டத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன பதிவில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்து பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் (1930களில் கிராமத்து வறுமையைப் படமெடுக்க ஆள் அனுப்பிய அரசுத் துறை) படங்களை இறக்கி வான்டைக் பிரவுனில் போடப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். சில்வர் நைட்ரேட் கலந்த கரைசலைத் தாளில் பூசி, மேலே நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டிப் பழுப்புப் படம் எடுக்கும் பழைய முறை அது. அரசாங்க வேலைக்காக எடுத்தவை, காப்புரிமைத் தொல்லை இல்லை, பெரிய டிஃப் கோப்பாகவே கிடைக்கிறது, சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ் இருக்கின்றன. முதலில் எல்லோரையும் போல டோரதியா லாங்கே 1936ல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த, பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் புகழ்பெற்ற தாயின் படத்தைத்தான் எடுத்து வைத்தேன். அப்புறம் கைவிட்டுவிட்டேன். அதைப் போடாதவர்கள் யார் இருக்கிறார்கள்? தேடிக்கொண்டே போனதில் தலைப்பே இல்லாத படங்கள் வரிசையாக வந்தன. "தலைப்பற்றது, இன்ன படத்தோடு தொடர்புடையதாக இருக்கலாம்" என்கிற மாதிரி ஒரு குறிப்பு, படத்தின் நடுவிலோ ஓரத்திலோ கன்னங்கரேல் என்று ஒரு வட்டம். சிலவற்றில் வானத்தில், சிலவற்றில் ஆளின் முகத்தின் மேலேயே.

அந்த நிர்வாகத்தின் புகைப்படப் பிரிவுத் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர் செய்த வேலை அது. அலபாமா, ஓக்லஹோமா, டகோட்டா என்று ஊர் ஊராக அனுப்பிய புகைப்படக்காரர்களின் சுருள்கள் வாஷிங்டனுக்கு வந்ததும், வேண்டாம் என்று பட்ட ஃபிரேமில் பஞ்ச் வைத்து ஓட்டை போட்டுவிடுவார். இனி அதிலிருந்து யாரும் பிரின்ட் எடுக்க முடியாது. அந்தப் புகைப்படக்காரர்களில் ஒருவரான பென் ஷான் பிற்காலத்தில் இதைச் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறார். யாருக்குத்தான் வயிறு எரியாது? வறட்சியில் கருகிய ஊருக்குப் போய், வறுமையைப் படம் பிடிக்கவிடு என்று ஒரு குடும்பத்தைக் கெஞ்சிக் கூத்தாடி எடுத்த படம். 1930களின் கடைசியில்தான் இந்தப் பழக்கம் நின்றது.

சரி, தொழிலுக்கு வருகிறேன். நான் எடுத்துக்கொண்டது அதே பிரிவின் ரஸ்ஸல் லீ வடக்கு டகோட்டாவில் 1937ல் எடுத்த தொகுதியிலிருந்து ஒன்று. தொப்பி போட்ட விவசாயி, பின்னால் ஒன்றுமே விளையாத நிலம், மேலே பெரிய வெளிர் வானம், அதில் ஓட்டை. நூலகத்துக் கோப்பு பாசிட்டிவாக இருப்பதால் ஓட்டை கறுப்பாகத் தெரிகிறது. அதைத் திருப்பி ஓஎச்பி ஷீட்டில் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) நெகட்டிவாக அச்சிட்டால் அந்த இடத்தில் மையே விழாது, வெறும் ஷீட். இதைக் கையில் பிடித்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தபோதுதான் மண்டையில் உறைத்தது. நாம் ஒவ்வொரு புதுத் தாளுக்கும் என்ன செய்கிறோம்? வெற்று ஷீட்டை ஓரத்தில் வைத்து, எத்தனை நிமிடத்தில் முழுக் கறுப்பு வருகிறது என்று தேடுகிறோம். அந்த வெற்று ஷீட்டை ஸ்ட்ரைக்கர் படத்துக்குள்ளேயே குத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்!

அதனால் வழக்கமாக நேரம் கண்டுபிடிக்க வைக்கும் ஸ்டெப் டேப்லெட்டை (வெளிரிலிருந்து கறுப்பு வரை படிப்படியாக உள்ள பட்டை) மூட்டை கட்டினேன். ஓட்டை வரும் பகுதியை மட்டும் ஆறு துண்டாக அச்சிட்டு, மொட்டைமாடியில் பதினோரு மணி வெயிலில் ஒன்றரை நிமிடத்தில் தொடங்கி அரை நிமிடம் கூட்டிக்கூட்டி நாலு நிமிடம் வரை காட்டினேன். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வட்டத்தின் கறுப்பும், ஷீட்டுக்கு வெளியே நேரடி வெயில் பட்ட பிரஷ் ஓரத்தின் கறுப்பும் எப்போது ஒன்றாகின்றன. ஈரத்தில் பார்த்து ஏமாறாதீர்கள். ஈரத்தில் இரண்டரை நிமிடமே போதும் போலத் தெரிந்தது, ஹேர் டிரையரால் காயவைத்த பிறகு பார்த்தால் வட்டம் சாக்லேட் நிறம், ஓரம் அதைவிடக் கறுப்பு. மூன்றரையில்தான் இரண்டும் பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒட்டின. மூன்றுக்கும் மூன்றரைக்கும் நடுவில் என்று சந்தேகப்பட்டு மறுநாள் காலை இன்னும் மூன்று துண்டு போட்டேன் என்பதை வீட்டில் சொல்லவில்லை. சில்வர் நைட்ரேட் விலை வெள்ளியோடு சேர்ந்து ஏறிக்கொண்டே இருக்கிறது, நான் வாங்குகிற ஆய்வகக் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் எதற்கு என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். "புகைப்படம்" என்று எழுதினால் நம்பாமல் பார்க்கிறார்.

கையுறை போடாததற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. "என்னடா, யார் கல்யாணத்துக்கு மருதாணி வச்சே?" விரல் நுனியெல்லாம் ஒரு வாரம் கறுப்பு.

நேரம் கிடைத்துவிட்டது, இனி கணினியில் தொனிகளைச் சரிசெய்யும் கர்வ் போட்டால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். வானம் வெளுக்கவே இல்லை. என் பிரிண்டரின் சாய மைக்குப் புற ஊதாவைத் தடுக்கிற வலு போதவில்லை, வானத்துக்கு நேரே எவ்வளவு மை போட்டாலும் வெயில் ஊடுருவிக் காப்பிக் கறை மாதிரி ஒரு நிறம். கறுப்பு மையை விட்டுப் பச்சை கலந்த நெகட்டிவ் போட்டதில் கொஞ்சம் தேறியது. அதுவும் போதாமல் ஒரே நெகட்டிவை இரண்டு ஷீட்டில் அச்சிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். ஷீட் இரண்டானதால் நேரம் நாலேகால் ஆனது, அதையும் வட்டம்தான் சொன்னது. வானம் வெளுத்தது. ஆனால் தொப்பியின் விளிம்பு இரட்டை. நூலிழை விலகினாலும் தெரிகிறது. வட்டம் பெரிதாக இருப்பதால் அதைக் குறியாக வைத்துப் பொருத்தப் பார்த்தேன், வட்டம் பொருந்துகிறது, தொப்பி பொருந்தவில்லை, ஏனென்றால் என் பிரிண்டர் இரண்டாவது ஷீட்டை ஒரு மயிரிழை நீட்டி இழுத்திருக்கிறது.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. முதல் கழுவலுக்கு ஆர்ஓ கழிவு நீரைப் பிடித்து வைத்தேன், வீணாகப் போகிறதே என்று. புத்திசாலித்தனம்! உப்பு எல்லாம் அதில்தானே சேர்ந்திருக்கிறது, தட்டு முழுக்கப் பால் போல வெள்ளி குளோரைடு, தாளில் மஞ்சள் திட்டு. நல்ல நீரில் துளி சிட்ரிக் அமிலம் போட்டு இரண்டு கழுவல், அப்புறம் படத்தை நிலைக்கவைக்கும் மூன்று சதவீத ஹைப்போ கரைசலில் இரண்டு நிமிடம், அதற்கு மேல் விட்டால் வெளிர் பகுதி தேய்ந்துபோகிறது.

நண்பர் ஒருவர் கணினியிலேயே ஓட்டையை அடைத்துவிடு, வானம்தானே, ஐந்து நிமிட வேலை என்றார். மாட்டேன். லாங்கே அந்தத் தாயின் படத்தில் ஓரத்தில் தெரிந்த ஒரு கட்டைவிரலை நெகட்டிவிலேயே அழிக்க வைத்தார், இன்றைக்கும் உற்றுப் பார்த்தால் அதன் ஆவி தெரிகிறது. அடைத்தால் எனக்கு அளவுகோலும் போய்விடும்.

இந்த வெளிர் வானத்தோடு மல்லுக்கட்டியதில் ஒன்று புரிந்தது, அதே காலத்து அயோவா ஓவியர் கிராண்ட் வுட் மீது எனக்கு ஏன் எரிச்சல் என்று. 1936 ஏப்ரலில் ஸ்ட்ரைக்கரின் ஆளான ஆர்தர் ராத்ஸ்டைன் ஓக்லஹோமாவின் சிமாரன் கவுண்டியில் புழுதிக்காற்றுக்குள் ஓடும் தகப்பனையும் இரண்டு பையன்களையும் எடுக்கிறார், மண்ணும் வானமும் ஒரே சாம்பல். அதே 1936ல் வுட் வரைந்த 'வசந்த உழவு' ஓவியத்தில் நிலம் தலையணை மாதிரி உப்பி, பச்சைப் பசேலென்று. அயோவா வேறு, ஓக்லஹோமா வேறு என்று வாதாடுவார்கள், தெரியும். இருந்தாலும் அப்படிக் கிராமத்து அமெரிக்காவை வரைந்தவர்களில் அலெக்சாண்டர் ஹோக் பக்கம்தான் நான். அவருடைய 1934ஆம் ஆண்டு வறட்சி ஓவியத்தில் காற்றாலை, தண்ணீர்த் தொட்டி, எலும்பும் தோலுமாக ஒரு மாடு, மேலே கழுகு, வீட்டுச் சுவரில் மோதி ஏறியிருக்கும் மணல். மணல்மேட்டின் வளைவுகளை அவர் பிரித்துக் காட்டியிருக்கிறாரே, அந்தத் தொனிகளைத்தான் நான் பழுப்பில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதே வழியில் வரைந்த தாமஸ் ஹார்ட் பென்டன் படம் வரையும் முன் களிமண்ணில் மொத்தக் காட்சியையும் சிறிதாகப் பிடித்து வைத்து, அதன் மேல் வெளிச்சம் விழுவதைப் பார்த்துத்தான் வரைவாராம். அவரைப் போல வரைந்து பார்க்க, முட்டைக் கருவில் குழைத்துப் பூசும் முட்டை டெம்பராவுக்கு நிறமிகள் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டேன். இதை முடிக்காமல் அதைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே நேற்று களிமண் வேறு வாங்கி வந்தாயிற்று.

இந்த ஞாயிறு சாய மைக்குப் பதில் நிறமி மை போடும் பிரிண்டர் வைத்திருக்கும் ஒருவரிடம் ஒற்றை ஷீட்டாக எடுக்கப்போகிறேன். நேரம் மறுபடி மூன்றரைக்கு இறங்குகிறதா என்று வட்டத்தைக் கேட்க வேண்டும். தாள் ஆறு மிச்சம் இருக்கிறது. வெயில் இருக்க வேண்டும்.