சத்தம் போடாத பாட்டுகள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அமெரிக்காவில் 1970-க்கும் 1974-க்கும் நடுவே வந்த மெல்லிய சோல் பாட்டுகளை (கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாட்டில் வேர்விட்ட இசை) இந்த மாதம் விடாமல் கேட்கப்போகிறேன். ஐம்பது வருஷம் தாண்டியும் இவை அலுக்கவில்லையே, ஏன்? கேட்டால் "இதமா இருக்கு" என்கிறார்கள். இதம் தானாக வந்துவிடுமா? யாரோ மெனக்கெட்டு அதைச் செய்திருக்கிறார்கள். அந்த வேலையைக் காதால் பிடிக்கவேண்டும் என்று ஆசை.

முதலில் அல் கிரீன், 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்'. 1971 கடைசியில் வெளியாகி, 1972-ல் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. பதிவானது மெம்ஃபிஸில், இசைத் தயாரிப்பாளர் வில்லி மிட்செலின் ராயல் ஸ்டுடியோவில். அது முன்பு சினிமா தியேட்டராக இருந்த கட்டடம். தரை இன்றைக்கும் சரிவுதான். அல் கிரீனுக்குத் தொண்டையைத் திறந்து முழங்கத் தெரியும். குரலை இறக்கு, இன்னும் இறக்கு என்று அவரை இந்தப் பக்கம் கொண்டுவந்தவர் மிட்செல். அதனால்தான் இந்த மெல்லிய குரல் எந்த இடத்திலும் சோனியாகத் தெரிவதில்லை. உள்ளே இருக்கும் பலம் கேட்கிறது. டிரம்ஸும் அப்படியே: எதிரொலி இல்லாத கட்டையான அடி, பாடுகிறவரை ஒருபோதும் முந்தாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மறுபடி அதே பாட்டு, பஸ்ஸில். பித்தளை வாத்தியங்கள் இரண்டு வரி வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. அந்த ஒதுங்கல்தான் அழகு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்துவிட்டேன். இங்கே எனக்கு மூலவர் இசைத் தயாரிப்பாளர் தாம் பெல். ஜமைக்காவில் பிறந்து ஃபிலடெல்ஃபியாவில் வளர்ந்தவர், சிறுவயதிலேயே மேற்கத்திய சாஸ்திரிய பியானோ கற்றவர். டெல்ஃபானிக்ஸ், ஸ்டைலிஸ்டிக்ஸ், ஸ்பின்னர்ஸ் என்ற மூன்று குழுக்களையும் இப்படி ஒலிக்கவைத்தவர் இவரே. சிக்மா சவுண்ட் ஸ்டுடியோ, வரிகளுக்கு லிண்டா கிரீட். சோல் பாட்டில் ஆர்கெஸ்ட்ரா வாத்தியமான ஃபிரெஞ்சு ஹார்னைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்த இவருக்குத்தான் தைரியம் வந்தது.

இன்று திரும்பத் திரும்பக் கேட்டது ஸ்டைலிஸ்டிக்ஸின் 'யூ மேக் மீ ஃபீல் பிராண்ட் நியூ'. 1973 ஆல்பத்தில் வந்து 1974-ல் இரண்டாம் இடம்வரை போனது. இதில் மின்சார சிதார் வருகிறது. 1967 வாக்கில் அமெரிக்காவில் கிதாராகவே செய்யப்பட்ட கருவி அது. மீட்டுவதும் கிதார்போலத்தான், ஆனால் தட்டையான பாலம் தந்திகளை உரசி அதிரவைக்கிறது. தம்புராவில் ஜீவாளி நூல் செய்கிற வேலை. தந்தியைத் தட்டியதும் ஒலி செத்துப்போகாமல் ரீங்கரித்துக்கொண்டே கரைகிறது. அதன்மேல் ஏரியன் லவ் கீழ்க்குரலில் தொடங்குகிறார். பிறகு ரஸ்ஸல் தாம்ப்கின்ஸ் கள்ளத்தொண்டையில், அதாவது மெலிந்த உச்சக்குரலில், வாங்கிக்கொள்கிறார். நம் கச்சேரிகளில் கள்ளத்தொண்டையைக் குறையாகச் சொல்வார்கள். இவர் அதில் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் தெளிவாக முடித்துவைக்கிறார்! குழைவு இருக்கிறது, வழவழப்பு இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வீணை சொல்லித்தருகிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பில் விதர்ஸின் 'லீன் ஆன் மீ' போட்டேன். 1972. அரை நிமிஷம் கேட்டிருப்பாள். "டேய், இது ஏறி இறங்குறது சங்கராபரணம்டா" என்று வீணையை எடுத்துவிட்டாள். ச ச ரி க ம, ம க ரி ச, ச ரி க க ரி. ஒரு தாண்டல் கிடையாது, பக்கத்து ஸ்வரம், அதற்குப் பக்கத்து ஸ்வரம். பியானோவில் விரலை வரிசையாக நகர்த்தியபோது கிடைத்த மெட்டு என்று விதர்ஸே சொல்லியிருக்கிறார். பாட்டுப் பழகாதவரும் இதைக் கூடவே பாடிவிடலாம். துணைக்கு நான் இருக்கிறேன் என்று சொல்லும் பாட்டுக்கு வேறெப்படி மெட்டு அமையவேண்டும்?

அவர் மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். ஒன்பது வருஷம் கடற்படை. பிறகு விமானங்களுக்குக் கழிப்பறை இருக்கை செய்யும் தொழிற்சாலை. 1971-ல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்கிறார். அதில்தான் 'எயின்ட் நோ சன்ஷைன்'. "எனக்குத் தெரியும்" என்ற பொருளில் இரண்டே சொல்லை 26 முறை சொல்வார். அந்த இடத்தில் வேறு வரி எழுதுவதாக இருந்தாராம். கூட இருந்த இசைக்காரர்கள் அப்படியே விடு என்றார்கள். புண்ணியவான்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மார்வின் கே, 'வாட்ஸ் கோயிங் ஆன்', 1971. மெல்லிசை என்றால் காதல் மட்டும்தான் என்பவர்கள் இதைக் கேட்கட்டும். மார்வினின் தம்பி வியட்நாம் போரிலிருந்து திரும்பியிருக்கிறார், தெருவில் போலீஸ் அடிக்கிறது. பாட்டு அதைப் பற்றியது. ஆனால் மார்வின் அம்மாவையும் அண்ணன் தம்பியையும் கூப்பிட்டுப் பேசுகிறார், கூச்சல் போடவில்லை. தனித்தனியாகப் பதிவான அவருடைய இரண்டு குரல்கள் தற்செயலாகச் சேர்ந்து ஒலிக்க, அதையே வைத்துக்கொண்டார்கள். ஒரு மனிதன் தன்னோடு தானே பேசிக்கொள்வது காதில் விழுகிறது. இவ்வளவு கோபத்தை இவ்வளவு தணிவாகச் சொல்லமுடியும் என்பது என்னை உலுக்கிவிட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

எல்லாம் சர்க்கரைப்பாகு என்கிறார் நண்பர். சிலது அப்படித்தான். வயலின்கள் குரலை மூடிக்கொண்டு போகும் பாட்டுகளை நானும் பாதியில் நிறுத்திவிடுகிறேன். தாம் பெல்லிடம் வயலின்கள் குரல் ஓய்ந்த இடத்தில்தான் பெரும்பாலும் எழுகின்றன. அந்த வித்தியாசத்தை நண்பருக்குப் போட்டுக் காட்டவேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ராபர்ட்டா ஃபிளாக். பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வாஷிங்டனில் ஒரு உணவகத்தில் பாடிப் பேரெடுத்தவர். 'தி ஃபர்ஸ்ட் டைம் எவர் ஐ சா யுவர் ஃபேஸ்' 1969-லேயே வந்துவிட்டது, அப்போது பெரிதாகப் போகவில்லை. 1971-ல் கிளின்ட் ஈஸ்ட்வுட் தன் படத்தில் வைத்தார். 1972-ல் ஆறு வாரம் முதலிடம். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் வேறு யாராவது இன்னொரு வரியையே பாடி முடித்திருப்பார்கள். ரான் கார்ட்டரின் பாஸ் (கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியம்) அதுவரை பொறுமையாக நிற்கிறது. வானொலிக்காக ஒரு நிமிஷம்போலக் குறைத்து வெட்டிய பதிப்பும் உண்டு. வெட்டாததைக் கேளுங்கள்.

அடுத்தது 1973-ல் வந்த 'கில்லிங் மீ சாஃப்ட்லி'. அதில் டிரம்ஸ் எந்த வரியில் நுழைகிறது என்று குறித்துவைக்கவேண்டும்.