வீட்டுக் கருவிகளின் பேச்சைக் கேட்கத் தொடங்கியபோது

என் மேசை இழுப்பறையில் நெடுநாள் சும்மா கிடந்த ராஸ்பெரி பை 3 என்னும் ஒரு பழைய சிறு கணினிப் பலகையில்தான் இதெல்லாம் தொடங்கியது. 1 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள அந்தப் பலகையில் பை-ஹோல் என்னும் கட்டற்ற மென்பொருளை நிறுவி, வீட்டிலுள்ள கருவிகள் அனைத்தும் அதனிடமே இணைய முகவரிகளைக் கேட்கும்படி ரவுட்டரில் மாற்றம் செய்தேன். ஒரு தளத்தின் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ் சேவையின் வேலை. விளம்பரத் தளங்களின் பெயரைக் கேட்டால் பை-ஹோல் 0.0.0.0 என்று பதில் தந்துவிடும் என்பதால் விளம்பரம் வந்துசேர வழியிருக்காது. அன்றைக்கு என் நோக்கம் அவ்வளவுதான்.

ஆனால் பை-ஹோல் ஒரு பதிவேட்டையும் எழுதுகிறது. எந்தக் கருவி எந்தப் பெயரை எத்தனை மணிக்குக் கேட்டது என்பதெல்லாம் அதில் வரிசையாக நிற்கும். ஒரு வாரம் கழித்து அதைப் படித்தபோது, அம்மாவின் அறையில் நான் மாட்டியிருந்த கேமரா, கைப்பேசிச் செயலியை யாரும் திறந்திராத நள்ளிரவு 2 மணிக்கும் வெளிநாட்டு வழங்கி (சர்வர்) ஒன்றின் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்டேன். முந்தைய ஆண்டு அம்மா ஒருமுறை வழுக்கி விழுந்து, அரை மணி நேரம் யாருக்கும் தெரியாமல் கிடந்த பிறகு வாங்கிய கேமரா அது. 2016ஆம் ஆண்டு மிராய் என்னும் தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் காட்சிகளைப் பதியும் டிவிஆர் பெட்டிகளையும் பெருமளவில் கைப்பற்றி, டைன் (Dyn) என்னும் டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கி, ட்விட்டர் முதலான தளங்களைப் பல மணி நேரம் முடக்கியதைப் படித்தவன் நான். அந்த வரிகளைப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி என்னும் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவி, கேமரா வீட்டு வலையமைப்பைத் தாண்டி வெளியே போக முடியாதபடி விதி எழுதினேன். காட்சியை ஆர்டிஎஸ்பி என்னும் ஒளியோட்ட நெறிமுறை வழியாக வீட்டுக்குள்ளேயே பெற்று, ஒரு வன்தட்டில் சேமித்தேன். இதில் எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. கேமராவுக்குத் தானாக நேரம் தெரியாது. வெளியே கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். வெளிவழியை அடைத்தபின், ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் அதன் காட்சிகளில் 1970 ஜனவரி 1 என்ற தேதி விழுந்தது. ராஸ்பெரி பையிலேயே நேர வழங்கி ஒன்றை இயக்கினேன். ஆனால் பை 3 பலகையிலும் கடிகாரம் கிடையாது என்பதால், மின்சாரம் வந்தும் இணையம் வராத நாட்களில் இரண்டும் சேர்ந்து தவறின. நாணய மின்கலத்தில் ஓடும் டிஎஸ்3231 கடிகாரத் துணுக்கு ஒன்றைப் பலகையின் ஐ2சி எனப்படும் இணைப்பு முனைகளில் பற்றவைத்த பிறகுதான் நேரம் நிலைத்தது. இந்தச் சிறு வேலை தந்த நிறைவு பெரிது.

தொலைக்காட்சியை அவ்வளவு எளிதில் வழிக்குக் கொண்டுவர முடியவில்லை. அது என் டிஎன்எஸ்ஸைக் கேட்காமல் 8.8.8.8 என்ற கூகுளின் டிஎன்எஸ் முகவரிக்கு நேரே போனது. டிஎன்எஸ் கேள்விகள் வழக்கமாகச் செல்லும் 53ஆம் வாயில் (போர்ட்) வழியாக வெளியேறுபவற்றையெல்லாம் ராஸ்பெரி பைக்குத் திருப்பிவிட்டேன். ஆனால் கேள்வியையே மறையாக்கம் செய்து, வழக்கமான இணையப் போக்குவரத்துடன் 443ஆம் வாயிலில் கலந்து அனுப்பும் முறை 2018லேயே தரநிலையாகிவிட்டது; ஒரு கருவி அதைக் கையாளத் தொடங்கினால் எது எதுவென்று பிரித்தறிவது கடினம். ஆகவே தொலைக்காட்சியின் இணைய இணைப்பையே நீக்கிவிட்டேன்.

இப்படி ஒவ்வொரு வாயிலாக அடைத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள், பிளஸ் டூ படிக்கும் என் மகள் என் அருகில் வந்து திரையைப் பார்த்தாள். அவளுடைய கைப்பேசியின் பெயரும், அதன் கீழே முந்தைய நாள் இரவு அவள் திறந்த தளங்களின் பெயர்களும் அங்கே இருந்தன. "அப்பா, இது எத்தனை நாளாக உங்களுக்குத் தெரிகிறது?" என்று கேட்டாள். நான் அவளுடைய வரிகளைத் தேடிப் படித்ததில்லை. ஆனால் படிக்கக்கூடிய இடத்தில் பல மாதங்களாக உட்கார்ந்திருந்தேன், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்ததை நண்பர்களிடம் பலமுறை எடுத்துச் சொன்னவன் நான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தம் சொந்தத் தேவைக்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது. அதாவது, என் மகள் கேட்ட கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை; நான்தான் சொல்ல வேண்டும். பை-ஹோலில் 0 முதல் 3 வரை தனியுரிமை நிலைகள் உண்டு. 3ஆம் நிலையில் தளப் பெயரும் கருவியின் பெயரும் மறைந்துபோகும். அவள் எதிரிலேயே அந்த நிலைக்கு மாற்றி, பழைய பதிவேட்டையும் அழித்தேன்.

அன்று மாலை, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை அம்மாவிடம் கேட்டேன்: அறையில் கேமரா இருப்பது சங்கடமாக இருக்கிறதா? "அதெல்லாம் ஒன்றுமில்லை; புடவை மாற்றும்போது விளக்கை அணைத்துக்கொள்கிறேன்" என்றார். அகச்சிவப்பு ஒளியில் அந்தக் கேமராவுக்கு இருட்டிலும் கண் தெரியும் என்பதை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

கேமராவைக் கழற்றி வாசலுக்கு மாற்றினேன்; வன்தட்டிலிருந்த காட்சிகள் முழுவதையும் திறந்து பார்க்காமலே அழித்தேன். அதற்கு மாற்றாக, வைஃபை வசதியுள்ள இஎஸ்பி8266 என்னும் சில்லுடன் ஓர் அழுத்துபொத்தானை இணைத்து அம்மாவின் கட்டிலருகே பொருத்தியிருக்கிறேன். அவர் அழுத்தினால் எங்கள் அறையிலும் கூடத்திலும் மணி ஒலிக்கும். அதற்கு வீட்டு வைஃபை போதும், இணையம் தேவையில்லை. இரண்டாவது பொத்தானைக் குளியலறை வாசலில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைக்கச் சொன்னவர் அம்மா. விழுந்து கிடக்கும்போது கை எட்டும் உயரம் அதுதான் என்றார்.