ஜூலையில் நின்ற கிடா நவம்பரில் எங்கே? வெள்ளைவால் மான் பார்த்த ஒரு பருவம்

தென்மேற்கு விஸ்கான்சினின் அயோவா கவுன்ட்டி, பனியாறுகள் தொடாமல் விட்ட நிலப்பரப்பில் இருக்கிறது. அதனால் அமெரிக்க நடுமேற்கின் மற்ற இடங்களைப் போல இங்கே தட்டை நிலம் கிடையாது. மேட்டில் மக்காச்சோளமும் சோயாவும் குதிரைமசாலும், சரிவில் ஓக் காடு, அடியில் ஓடை. ஒரு விவசாயியிடம் அனுமதி பெற்று, அவருடைய நிலத்தில் வில் வேட்டைக்காக வெள்ளைவால் மான்களைக் கவனித்து வருகிறேன். இந்த ஆண்டு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன். கோடை முழுவதும் மாலைதோறும் கேமரா முன்னால் வந்து மேயும் கிடா, அதாவது ஆண் மான், வேட்டைக் காலம் வந்ததும் எங்கே போகிறது?

இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோன கதை. அங்கே வளர்ந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போதே முகம் சுளிக்கக்கூடும். இங்கே நிலைமை வேறு. 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதும் ஐந்து லட்சம் வெள்ளைவால் மான்கள்கூட மிஞ்சவில்லை என்பது மதிப்பீடு. இன்று சுமார் மூன்று கோடி. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வரி பிடித்துக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் 1937ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. வில், அம்புகளுக்கும் பின்னர் அந்த வரி வந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூலை, ஆகஸ்ட்

சோயா வயலின் காட்டோர மூலையில், விலங்கு கடந்தால் தானாகப் படம் எடுக்கும் ஒரு டிரெயில் கேமரா. அந்தி சாயும் நேரத்தில் கிடாக்கள் கூட்டமாக வந்தன. இந்த மாதங்களில் அவற்றுக்குள் சண்டை இல்லை. கொம்பு வளர்ந்துகொண்டிருக்கும் காலம். மேலே ரத்த ஓட்டமுள்ள மென்தோல் போர்த்தியிருக்கும், அடிபட்டால் வலிக்கும். எனவே சண்டை வந்தால் பெண்மான்களைப் போலப் பின்காலில் எழுந்து முன்குளம்பால் குத்திக்கொள்கின்றன. கொம்பு என்பது ஒவ்வோர் ஆண்டும் விழுந்து, வசந்தத்தில் புதிதாக முளைக்கும் எலும்பு. ஜூலையில் அதன் வேகம் வாரத்துக்கு வாரம் படத்திலேயே தெரிகிறது.

கூட்டத்தில் பெரியவனுக்கு நெற்றிக்கு மேலிருந்த வலது கிளை இரண்டாகப் பிளந்திருந்தது. பிளவுக்கொம்பன் என்று பெயர் வைத்தேன். கொம்பை வைத்து வயது சொல்வது ஏமாற்று வேலை. உடம்பைத்தான் பார்க்க வேண்டும். ஒன்றரை வயதுக் கிடாவுக்குக் கால் நீளமாகவும் வயிறு ஒட்டியும் இருக்கும். வயது ஏற ஏற நெஞ்சு இறங்கி, கால் குட்டையானது போலத் தோன்றும். பிளவுக்கொம்பனுக்கு நான்கு வயதாவது இருக்கும் என்று கணித்தேன்.

படங்களைப் பார்த்த நண்பர்கள் அந்த மூலையிலேயே பரண் கட்டச் சொன்னார்கள். நான் கட்டவில்லை. கோடைப் படம் ஒரு மானின் உணவு நேரத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

செப்டம்பர்

மாதத் தொடக்கத்தில் மென்தோல் உரிந்தது. ஒரு நாள் படத்தில் போர்த்திய கொம்பு. அடுத்த படத்தில் ரத்தக் கறையோடு வெறும் எலும்பு. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முழுவதும் உரிந்துவிடுகிறது. இதற்குக் குளிரோ மழையோ காரணமல்ல. பகல் சுருங்குவதைக் கண் உணர்ந்து மூளைக்குச் சொல்ல, ஆண் ஹார்மோன் ஏறுகிறது. கழுத்து தடிக்கிறது, சகிப்புத்தன்மை போகிறது, கோடைக் கூட்டாளிகள் பிரிகிறார்கள்.

அதே வாரங்களில் சோயா இலை மஞ்சளாகியது. மஞ்சள் சோயாவை மான் திரும்பிப் பார்ப்பதில்லை. சரிவில் வெள்ளை ஓக் கொட்டைகள் விழத் தொடங்கியிருந்தன. கசப்பு குறைவு என்பதால் சிவப்பு ஓக்கைவிட அதைத்தான் முதலில் தேடுகின்றன. காலடியில் உணவு கொட்டிக் கிடக்கும்போது வெட்டவெளிக்கு ஏன் வர வேண்டும்? கேமராவில் ரக்கூன்களும் நான்கைந்து பெண்மான்களும் மட்டும் மிஞ்சின.

பிளவுக்கொம்பனின் செய்தி வேறு திசையிலிருந்து வந்தது. நெடுஞ்சாலைக்கு அப்பால், இரண்டு முகடுகள் தள்ளிப் பண்ணை வைத்திருப்பவர் தன் தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். பிளந்த கிளை, அதே நெஞ்சு. இது விநோதம் அல்ல. ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை கட்டிய ஆய்வுகளில், கோடைக்கு ஓர் இடம், இலையுதிர் காலத்துக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளும் கிடாக்கள் பதிவாகியிருக்கின்றன. எல்லாக் கிடாவும் அப்படிப் போவதில்லை; சில ஒரே சதுர மைலுக்குள் ஆண்டெல்லாம் சுற்றுகின்றன. ஆனால் போகும் கிடா பெரும்பாலும் ஆண்டுதோறும் அதே இடத்துக்குத்தான் போகிறது. அவர் நிலத்தில் எனக்கு அனுமதி இல்லை. அந்தக் கிடாவின் கணக்கை அதோடு முடித்துக்கொண்டேன்.

அக்டோபர்

இங்குள்ள வேட்டைக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. அக்டோபர் நடுவில் கிடாக்கள் படுத்துவிடும், நடமாட்டமே இருக்காது, காட்டுக்குப் போவது வீண் என்பார்கள். கழுத்துப்பட்டை ஆய்வுகள் இதை ஆதரிக்கவில்லை. அக்டோபர் நெடுகக் கிடாவின் நடை கூடிக்கொண்டே போவதாகத்தான் அவை காட்டுகின்றன. வயல் ஓரத்தில் அமர்ந்து மானைக் காணாதவர்கள் கட்டிய கதை இது என்று நினைக்கிறேன். மான் ஓக் காட்டுக்குள் நகர்ந்துவிட்டது, பார்ப்பவர் நகரவில்லை.

கேமராக்களை வயலிலிருந்து எடுத்து, கிடாக்கள் மண் பறிக்கும் இடங்களுக்கு மாற்றினேன். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தலைக்கு மேலே தொங்கும் ஒரு கிளையைக் கிடா வாயால் கவ்வி, நெற்றியையும் கண்ணோரச் சுரப்பியையும் அதில் தேய்க்கும். பிறகு அடியிலுள்ள சருகை முன்காலால் பறித்து வெறும் மண்ணாக்கும். பின்னங்கால் முட்டிகளைச் சேர்த்து வைத்து, அங்குள்ள சுரப்பி மயிர்களின் மேல் வழியும்படி அதில் சிறுநீர் கழிக்கும். பெண்மான்கள் வந்து முகர்கின்றன, குட்டிகள்கூட அந்தக் கிளையை நக்குகின்றன. ஒரே கிளைக்கு வெவ்வேறு கிடாக்கள் வந்தது எனக்குப் புதிது. ஊர்ப் பொதுச் சுவரில் சுவரொட்டி ஒட்டுவது போல, ஒருவன் ஒட்டியதன் மேல் அடுத்தவன் ஒட்டிவிட்டுப் போகிறான்.

வருகைகளில் பெரும்பாலானவை இரவில்தான். ஆகவே மண் பறித்த இடத்தில் பரண் போட்டு உட்கார்வது அவ்வளவு பயன் தராது. யார் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று அறியத்தான் அது உதவும். அங்கே கோடைப் படங்களில் ஒருமுறைகூட வராத முகங்கள் வந்தன. சில ஒன்றரை வயதுப் பையன்கள். இந்த வயதில் கிடாக்களில் பெரும்பகுதி பிறந்த இடத்தைவிட்டு மைல் கணக்கில் வெளியேறிவிடுகின்றன. பெண்குட்டிகள் பெரும்பாலும் தாயின் பக்கத்திலேயே தங்குகின்றன. என் கேள்விக்கான விடை இங்கேதான் தட்டுப்பட்டது. கிடாக்கள் வரும், போகும். பெண்மான்கள் இருந்த இடத்தில் இருக்கும். தேட வேண்டியது கிடாவை அல்ல.

மாதக் கடைசி வரை பெண்மான்கள் எங்கே படுக்கின்றன, எந்த வழியில் ஏறி இறங்குகின்றன என்பதை மட்டுமே குறித்தேன். ஓடைக்கு மேலே, தெற்குச் சரிவில், முள்புதரும் விழுந்த மரங்களும் கலந்த ஒரு திட்டு அவற்றின் படுக்கை. உள்ளே போகாமல் எதிர் முகட்டிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தேன். மானின் படுக்கைக்குள் ஒருமுறை மனித வாடை பட்டால் ஆட்டம் வேறு.

நவம்பர்

விஸ்கான்சினில் பெண்மான்கள் சினைப்படும் உச்சம் நவம்பர் நடுப்பகுதி. ஏறக்குறைய இருநூறு நாள் சினை. குட்டி மே கடைசியிலும் ஜூனிலும் பிறக்கும். முன்னால் பிறந்தால் குளிர், பின்னால் பிறந்தால் அடுத்த குளிர்காலத்துக்குள் உடல் தேறாது. அதனால்தான் வடக்கே இந்தத் தேதி ஆண்டுக்கு ஆண்டு அசைவதில்லை. பனிக்காலம் கடுமையில்லாத இடங்களில் கட்டுப்பாடு தளர்கிறது. தெற்கு டெக்சஸில் உச்சம் டிசம்பரில், தெற்கு ஃபுளோரிடாவில் கோடையிலேயே தொடங்கிவிடுகிறது. நிலவைப் பார்த்துத் தேதி குறிக்கும் நாட்காட்டிகள் இங்கே கடைகளில் விற்கின்றன. சுவரில் மாட்ட அழகாக இருக்கும்.

உச்சத்துக்கு முந்தைய பத்து நாட்கள்தான் வேட்டைக்காரனுக்குப் பொற்காலம். கிடாக்கள் தயார், பெண்மான்கள் இன்னும் தயார் இல்லை. கிடா இரை எடுப்பதைக் குறைத்துக்கொண்டு நடந்துகொண்டே இருக்கிறது; பருவம் முடிவதற்குள் உடல் எடையில் கால்வாசி வரை இழக்கும் கிடாக்கள் உண்டு. தன் வழக்கமான எல்லையைத் தாண்டி ஓரிரு நாள் போய்த் திரும்புவதும் நடக்கிறது. உச்சம் வந்துவிட்டாலோ காடு திடீரென்று காலியானது போல இருக்கும். ஒவ்வொரு கிடாவும் ஒரு பெண்மானோடு ஏதோ ஒரு புதரில் ஒன்றிரண்டு நாள் ஒதுங்கிவிடுவதால் வரும் அமைதி அது.

பரணை எங்கே கட்டுவது என்பதைக் காற்று முடிவு செய்தது. தேடித் திரியும் கிடா, படுக்கைக்குள் புகுந்து ஒவ்வொரு பெண்மானாகப் பார்ப்பதில்லை. காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்புறமாக ஓரத்தில் நடந்து, மூக்காலேயே மொத்தத் திட்டையும் சோதித்துவிடுகிறது. ஆகவே நான் இருக்க வேண்டியது அந்த நடைவழிக்கும் கீழ்க்காற்றில், என் வாடை வழியில் விழாத தூரத்தில். மலைச்சரிவில் இன்னொரு சிக்கல் உண்டு. வெயில் ஏறினால் காற்று சரிவோடு மேலே போகும், மாலையில் குளிர்ந்து கீழே இறங்கும். அதனால் அந்த இடத்தை மாலை நேரத்தில் தவிர்த்து, வெயில் ஏறிய பிறகு மட்டும் பயன்படுத்தினேன். முகடு சற்றே தாழும் ஒரு கணவாயின் மேல்புறம், கவை விட்ட ஓக் மரத்தில் பரண். முழு உடல் பாதுகாப்புக் கயிறு இல்லாமல் நான் ஏறுவதில்லை. இந்தப் பொழுதுபோக்கில் பலருக்கு எலும்பு முறிவது மானால் அல்ல, பரணால்.

உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் சரியாகத் தெரியாது. நீலம் நன்றாகத் தெரியும். துணியை வெண்மையாக்கும் ரசாயனம் கலந்த சோப்புத்தூளில் துவைத்த காட்டுச் சட்டையைவிட ஆரஞ்சுச் சட்டை மேல்.

காலையிலேயே எல்லோரும் பரணிலிருந்து இறங்கிப் போகும் பழக்கம் எனக்குப் பிடிபடவில்லை. இந்த வாரங்களில் காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டு வரை கிடாக்கள் நடக்கின்றன. விடியலில் வயலிலிருந்து திரும்பிய பெண்மான்கள் அப்போதுதான் படுத்திருக்கும். கிடாவுக்கு எங்கே தேடுவது என்று தெரியும். நவம்பர் முதல் வாரத்தில், வடமேற்குக் காற்று சீராக அடித்த ஒரு நாளில், உச்சிப்பொழுதுக்குச் சற்று முன் ஒரு கிடா கணவாய் வழியாக வந்தது. மூக்கு தரையோடு, வாய் சற்றுத் திறந்து, வேகநடை. நான் வாயால் மெல்லிதாகக் கத்தியதும் நின்றது. இருபது கஜத்துக்குள், பக்கவாட்டில். அம்பு நெஞ்சுக்கூட்டைக் கடந்து மறுபுறம் போனது. அரை மணி நேரம் இறங்காமல் காத்திருந்து ரத்தத் தடத்தைப் பிடித்தேன். எதிர்ச்சரிவு வரைகூடப் போகவில்லை. பல் தேய்மானத்தைப் பார்த்தால் இரண்டரை வயது. வீட்டுக்கு வந்து கோடையிலிருந்து எல்லாப் படங்களையும் புரட்டினேன். எதிலும் அது இல்லை.

கொன்ற பிறகு செய்ய வேண்டியவை நிறைய. மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவு செய்ய வேண்டும். அதைவிட முக்கியம் மூளைச்சிதைவு நோய்ச் சோதனை. மான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கிக் கொல்லும் இந்த நோய் விஸ்கான்சினில் 2002இல் உறுதியானது, அதுவும் எங்கள் பகுதியில்தான். தலையை, கழுத்தின் சில அங்குலத்தோடு, அரசு வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிட்டால் நிணநீர்க் கணுக்களை எடுத்து இலவசமாகச் சோதிப்பார்கள். மனிதருக்கு இந்த நோய் தொற்றியதாக நிரூபணம் இல்லை. ஆனாலும் நோயுள்ள மானை உண்ண வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையின் அறிவுரை. முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியாகக் குறியிட்டு உறையவைத்தேன். நோய் இல்லை என்று வந்தது. இதே நோயின் காரணமாகத்தான் இங்கே மக்காச்சோளம் கொட்டி மானை வரவழைப்பது தடை. ஒரே குவியலில் வாய் வைத்தால் எச்சில் வழியே பரவும்.

நவம்பரின் நான்காவது வியாழனான தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம். முதல் காலை வெடிச்சத்தத்துக்குப் பிறகு மான் நடமாட்டத்தை எழுதி வைப்பதில் அர்த்தம் இல்லை. அது மனித நடமாட்டத்தின் பதிவு.

டிசம்பருக்குப் பின்

முதல் சுற்றில் சினைப்படாத பெண்மான் சுமார் நான்கு வாரம் கழித்து மீண்டும் தயாராகும். அதனால் டிசம்பர் நடுவில் இன்னொரு சிறு சலசலப்பு உண்டு. கேமராவில் கண்டேன்; நவம்பரின் நிழல்கூட இல்லை. அதற்குள் கிடாவின் கவலை வயிறாகிவிடுகிறது. அறுவடை முடிந்த மக்காச்சோள வயலில் சிந்திய மணிக்கும், வெயில் படும் தெற்குச் சரிவுக்கும் எல்லாம் ஒதுங்கின. மிச்சமில்லாமல் அறுத்த வயலில் ஒன்றும் இல்லை. ஜனவரியில் ஒற்றைக் கொம்போடு ஒரு கிடா படத்தில் வந்தது. மார்ச்சுக்குள் எல்லாம் விழுந்துவிடும்.

அடுத்த பருவத்துக்கு மாற்றம் செய்யப்போவது கேமராக்களில்தான். வயல் மூலைக் கேமராவைக் கோடையில் வைக்கவே போவதில்லை. அக்டோபர் முதல் வாரத்தில் இரண்டையும் பெண்மான் படுக்கையின் இரு பக்க வழிகளில் கட்டி, நவம்பர் முடியும்வரை தொடாமல் விடப்போகிறேன். சாதாரண மின்கலம் குளிரில் படுத்துவிடுகிறது, லித்தியம் வாங்க வேண்டும். தென்கிழக்குக் காற்று அடிக்கும் நாட்களுக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பரண் தேவை; மரம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், வெட்ட வேண்டிய கிளைகளுக்கு நில உரிமையாளர் சரி சொல்லிவிட்டார்.