தாழைக்கு ஒரு வரவு

மே 17, 2025, சனி

இன்று இரவு 9 மணிபோலத் தாழை கண் திறந்தாள். நான் சிமிட்டினேன், போனுக்குள் அவளும் சிமிட்டினாள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்ட எழும்பியதும் அவள் தலை ஒரு பக்கம் சரிந்து அப்படியே நின்றுவிட்டது. திரும்ப வந்து கமராவுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் உயிர் வந்தது.

மூன்று கிழமையாக ஐபிஸ்பெயிண்ட் என்ற படம் கீறும் செயலியில் விரலால் கீறிய பெண் இவள். ஒரே படமாகக் கீறினால் அசையாது. மேல் இமை, கீழ் இமை, கருமணி, புருவம், உதடு, வாய்க்குள் இருக்கும் பல்வரிசை, நாக்கு, முன்முடி, பக்கமுடி, பின்முடி எல்லாம் தனித்தனி அடுக்கு. முடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நெற்றியையும் முழுதாகக் கீறத்தான் வேண்டும். தலை திரும்பும்போது முடி விலகும், அங்கே நெற்றி இல்லாவிட்டால் ஓட்டை தெரியும். யாரும் பார்க்காத இடத்தைக் கீறத்தான் கூடுதல் நேரம் போனது.

தாழை என்று பெயர் வைத்தது எங்கள் வாவிக்கரையை நினைத்து. மட்டக்களப்பு என்றால் எல்லோரும் மீன்மகளைத்தான் கீறுவார்கள். எனக்கு இடுப்புக்குக் கீழே வாலில்லாத, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோணி தள்ளுகிற ஒரு பெண் வேண்டும் என்றிருந்தது.

என் முகம் காட்டாமல், தாழையின் முகத்தோடு யூடியூபில் கதை சொல்லி நேரலை செய்ய நினைத்ததற்குக் காரணத்தை எழுதிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு விழாவில் எடுத்த என் படத்தை யாரோ எடுத்து, என் பெயரில் பொய்க்கணக்குத் திறந்து, ஊருக்குள் கண்டவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினார்கள். அதை மூடுவிக்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் நான் இல்லை. ஆனால் கதை சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. முன்பள்ளியில் 22 பிள்ளைகளுக்கு அதைத்தான் நாள் முழுக்கச் செய்கிறேன்.

மே 20, செவ்வாய்

தாழையின் உடம்புக்கு மூட்டுப் பூட்டும் வேலை போனில் நடக்காது. அதற்கு லைவ்2டி கியூபிசம் என்ற மென்பொருளும் ஒரு கணினியும் வேண்டும். போன கிழமையே மண்முனைப் பாலம் தாண்டி ஆரையம்பதிக்குப் போய்த் தோழியின் மடிக்கணினியில் செய்துவிட்டேன். 2014இல் இந்தப் பாலம் திறக்கும்வரை ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். பாலமும் ஜப்பான் உதவியில் கட்டியது, இந்த மென்பொருளும் ஜப்பானில் இருந்து வந்தது.

கட்டணமில்லாத பதிப்பில் 30 அசைவு அளவுகள்தான் தருவார்கள். தலை திரும்ப, சாய, நிமிர மூன்று போய்விடும். இமைக்கு இரண்டு, கருமணிக்கு இரண்டு, புருவத்துக்கு, வாய்க்கு, மூச்சுக்கு... முதலில் முடி காற்றில் ஆட வேண்டும் என்று ஆறு ஒதுக்கியிருந்தேன். பிறகு நான்கை எடுத்து வாய்க்குக் கொடுத்தேன். கதைசொல்லிக்கு முடியைவிட வாய் முக்கியம்.

மே 29, வியாழன்

கீறிய உருவத்தை நம் முகத்தோடு சேர்த்து அசைக்கிற வீடியூப் ஸ்டூடியோ என்ற செயலியில் தாழையை ஏற்றிப் பன்னிரண்டு நாளாகப் பழகுகிறேன். 2016 கடைசியில் கிஸுனா ஐ என்ற உருவம் தன்னை வேர்ச்சுவல் யூடியூபர் என்று சொல்லிக்கொண்டு வந்தபோது, பின்னால் உடலசைவைப் பதிகிற கருவிகளும் ஒரு குழுவும் இருந்தன. இன்றைக்கு ஒரு போனின் முன்கமரா போதும். ஆனால் எந்தப் போன் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. ஐபோன் 10இல் இருந்து வந்த முகமறியும் கமரா, கண்ணுக்குத் தெரியாத 30,000க்கு மேற்பட்ட ஒளிப்புள்ளிகளை முகத்தில் விழுத்தி மேடு பள்ளத்தை அளக்கும். என்னுடைய ஆண்ட்ராய்டில் அது இல்லை. சாதாரணப் படத்தைப் பார்த்தே முகத்தில் 468 புள்ளிகளை ஊகித்துப் பிடிக்கிறது. அதனால் வெளிச்சம்தான் எல்லாம். பக்கத்தில் இருந்து குழல்விளக்கு அடித்தால் இடது புருவம் செத்துவிடும். விறாந்தைச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, அதில் மின்சூள் (டோர்ச்) வெளிச்சத்தைத் தெறிக்க விட்டபோது சரியாக வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும்.

இன்று கண்டுபிடித்த ஒன்றை நினைக்க நினைக்க சந்தோசம். வாயசைவைக் குரலில் இருந்தும் எடுக்கலாம். அதற்கு அந்தச் செயலி ஐந்து வாய்களை வைத்திருக்கிறது: அ, இ, உ, எ, ஒ. ஜப்பான் மொழியின் ஐந்து உயிர் அவை. நம் நெடுங்கணக்கிலும் குறில் அதே ஐந்துதானே! நெடிலுக்கு வாயைக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்தால் போதும். ‘வாவியிலே’ என்று சொல்லிப் பார்த்தேன், தாழையின் வாய் அ, இ, இ, எ என்று அச்சொட்டாக வந்தது. ‘அம்மா’வில்தான் இடறல். ‘ம்’முக்கு உதடு மூட வேண்டும், அதைக் குரலில் இருந்து பிடிக்க மாட்டாது. அதற்குக் கமராவின் வாயையும் சேர்த்து விட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

கண்ணகி அம்மன் கோயிலில் சடங்கு. ஒலிபெருக்கி பத்துப் பக்கமும் கேட்கிறது. போனை எடுக்கவே இல்லை. அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்திச் சடங்குக்குப் போனோம்.

ஜூன் 21, சனி

முதல் நேரலை. யூடியூபில் போனில் இருந்து நேரலை செய்ய 50 பேராவது சந்தா சேர்ந்திருக்க வேண்டும். முதல்தடவை அனுமதி கிடைக்க ஒரு நாள்வரை எடுக்கும் என்பதால் வியாழனே விண்ணப்பித்து வைத்திருந்தேன். இரவு 8.30 என்று வைத்தது வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக. டொரோண்டோவில் அப்போது பகல் 11 மணி, லண்டனில் பின்னேரம் 4.

பதினொரு பேர் வந்தார்கள். நல்லதங்காள் கதை தொடங்கினேன். யாரோ ஏதோ எழுதுகிறார்கள் என்று கருத்துப்பக்கத்துக்கு மாறினேன், தாழை உறைந்துவிட்டாள். பின்னுக்குப் போன செயலிக்குப் போன் கமராவைக் கொடுக்காது. எனக்கு அது உறைக்கவில்லை, நான் மூன்று நிமிடம் கதைத்தேன், அங்கே வாய் பாதி திறந்தபடி ஒரு பொம்மை. “அக்கா உயிரோட இருக்கிறீங்களா” என்று ஒருவர் கேட்டிருந்தார். தம்பியின் பழைய போனை ஓடிப்போய் எடுத்து வந்து, கருத்துகளை அதில் பார்த்தேன். இனி இரண்டு போன்தான்.

கச்சான் காற்று வேறு. ஒலிவாங்கியில் காற்று அடிக்க, நான் பேசாத நேரத்திலும் தாழை ‘உ... ஒ...’ என்று வாயசைத்தாள். ஒரு பழைய காலுறையை ஒலிவாங்கிக்கு மாட்டினேன், நின்றது.

9 மணிக்கு வயல்பக்கம் யானை வெடி. மூன்று தரம். பார்த்தவர்கள் பயந்து என்ன சத்தம் என்று கேட்டார்கள். யானை வந்திருக்கிறது, ஆட்கள் கலைக்கிறார்கள் என்று தாழையாகவே சொன்னேன். நல்லதங்காளை விட்டுவிட்டு எல்லோரும் யானையைப் பற்றியே கேட்டார்கள். போன மாசியில் எங்கள் பின்வளவு வாழையைத் தின்ற கதையைச் சொன்னேன். அந்தக் கால் மணித்தியாலம்தான் இன்று நன்றாக இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

அம்மப்பா நேற்று முழுதும் உள்ளே கட்டிலில் கிடந்து தம்பியின் மற்றப் போனில் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியாது. காலையில் வெற்றிலை இடித்துக் கொடுத்தபோது கேட்டார்.

“அந்தப் புள்ள ஆரு மனே?”

“தாழை.”

“பேரச் சொல்றாய். எந்த ஊரு? எங்கயிருந்து வாறாள்? ஏன் வாறாள்?”

நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லை.

“நீ வேசத்தப் போட்டுக்கிட்டு அதுக்குள்ள ஒளிச்சிருக்காய். கரப்புடுப்புக்குள்ள ஒளிச்சு நிண்டவன் எவனும் கூத்தாடினதில்ல.”

அம்மப்பா 78 வயது அண்ணாவியார், கூத்துப் பழக்குகிற ஆசான். கை நடுங்கத் தொடங்கிய பிறகு மத்தளம் தொடுவதில்லை. வடமோடி என்ற கூத்து வகையில் ராசா வேடக்காரன் உடுத்துகிற கரப்புடுப்பைச் சின்ன வயதில் எங்கள் வீட்டு மூலையில் பார்த்திருக்கிறேன். பிரம்பை வளையம் வளையமாகக் கட்டி, மேலே துணி போர்த்து, கண்ணாடித் துண்டுகள் ஒட்டியது. அதை உடுத்தால் சாதாரணமாக நடக்க வராது. அந்தப் பாரத்துக்குத் தக்கபடிதான் கால் விழும், அந்தக் கால்தான் ராசாவின் நடை. உடுப்பு நடையைக் கொடுக்கிறது. என் தாழைக்கு நான் நடையே கொடுக்கவில்லை. அவள் நான் தலையாட்டுவது போலவே தலையாட்டுகிறாள், நான் சிரிப்பது போலவே சிரிக்கிறாள். என் முகத்தை மறைக்கிறாள், அவ்வளவுதான் அவளுடைய வேலை.

நாள் முழுக்க இது மனதில் கிடந்தது. அவர் சொன்னது சரி. அந்தப் பொய்க்கணக்குக்குப் பயந்துதான் நான் தாழையைக் கீறினேன். பயத்துக்குக் கீறிய பெண் எப்படிக் கதை சொல்வாள்?

ஜூலை 5, சனி

இரண்டு கிழமையாக நேரலை இல்லை. பழக்கம் மட்டும். கூத்தில் முதலில் சட்டம் கொடுப்பார்கள், ஆளுக்குரிய பாட்டையும் வசனத்தையும் எழுதிக் கையில் தருவது. பிறகு மாதக்கணக்கில் பழக்கம், கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். நான் சட்டமும் வாங்காமல் நேரே அரங்கேற்றத்துக்குப் போயிருக்கிறேன்.

அம்மப்பா விறாந்தையில் இருந்து பழக்குகிறார். தாழை எப்படிப் பார்ப்பாள்? வாவியில் தோணி தள்ளுகிறவள் கிட்டப் பார்க்க மாட்டாள், தூரத்தைத்தான் பார்ப்பாள். நாடியைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார். ஒரு நாடி உயர்ந்ததும் அவள் வேறு ஆளாகிவிட்டாள். பதில் சொல்ல முன் ஒருதரம் மெதுவாகச் சிமிட்ட வேண்டும். சிரிப்பு வாயில் தொடங்கக் கூடாது, கண்ணில் தொடங்க வேண்டும். கண் சுருங்குவதை என் போன் சரியாகப் பிடிக்காததால், கன்னத்தைத் தூக்கிக் காட்டப் பழகினேன். இரவில் கன்னம் வலிக்கிறது.

ஒன்றில் மட்டும் இருவருக்கும் ஒத்துவரவில்லை. கூத்தாடுகிற வட்டமான களத்தை வட்டக்களரி என்பார்கள், அதில் சனம் சுற்றிவர இருக்கும். ஆட்டக்காரன் நாலாபக்கமும் திரும்பி ஆட வேண்டும், ஒரு பக்கத்துக்கு முதுகு காட்டி நின்றால் கூச்சல் போடுவார்கள். “அங்கால பாரு, இங்கால பாரு” என்று அவர் திருப்பிக்கொண்டே இருந்தார். நான் ஒரு அளவுக்கு மேல் திரும்பினால் கமரா முகத்தை விட்டுவிடும், தாழை விறைத்துப் போவாள். கடைசியில் அவரே சொன்னார், அறுபதுகளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் ஐயா கூத்தைப் படச்சட்ட மேடைக்குள் கொண்டுபோனபோதும் இதே சண்டைதானாம். வட்டத்தில் ஆடியவர்களை ஒரு பக்கம் பார்க்கப் பழக்கப் பாடுபட்டிருக்கிறார்கள். விடிய விடிய ஆடிய கூத்தை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சுருக்கியதும் அப்போதுதான். “அதுவும் கூத்துத்தான். இதுக்கு இந்தச் சட்டம் எண்டா, இதுக்குள்ள ஆடு.”

மறுகா, இரவு சாப்பிட்ட பிறகு வரவு கட்டித் தந்தார். கூத்தில் எந்தப் பாத்திரமும் சும்மா வந்து நிற்காது. திரை பிடித்திருக்க, அதற்குப் பின்னால் நின்று, யார் வருகிறார் என்று பாட்டில் சொல்லித்தான் வரும். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்:

வாவியிலே நிலவெழும்ப வந்தாளே – தாழை
வள்ளமொன்று தானெடுத்து வந்தாளே
பூவிரிந்த வாசத்தோடு வந்தாளே – இந்தப்
பொழுதறிந்து சபைதனிலே வந்தாளே

‘வந்தாளே’ என்றுதான் இருக்கிறது, ‘வந்தேனே’ என்றில்லை. ஆடுகிறவள் தன்னையே இன்னொருத்தியாகப் பாடுகிறாள். இதை எத்தனையோ கூத்தில் கேட்டிருக்கிறேன். இன்றுதான் காதில் விழுந்தது.

ஜூலை 22, செவ்வாய்

சித்தியின் மகளுக்கு 14 வயது. தானும் ஒரு உருவம் கீறி நேரலை செய்யப் போவதாக இருந்தாள். இன்றில் இருந்து யூடியூபில் தனியாக நேரலை செய்ய 16 வயது ஆக வேண்டும், முன்பு 13. முகம் தெரியாதுதானே, எனக்கு ஏன் இது என்று அழுகிறாள். முகம் தெரியாவிட்டாலும் எதிரில் இருந்து எழுதுகிறவர்கள் யாரென்று நமக்கும் தெரியாது என்று சொன்னேன். என் பழைய கதையை அவளுக்கு முதல்தடவையாக முழுதும் சொன்னேன். கீறுவதை விட வேண்டாம், இரண்டு வருடத்தில் என்னைவிட நன்றாகக் கீறிவிடுவாள். இப்போதே விரல்களை என்னைவிட நன்றாகக் கீறுகிறாள்.

ஆகஸ்ட் 2, சனி

8.30க்கு வெறும் வெள்ளைத் திரையோடு தொடங்கினேன். படத்தில் ஒரு துணி மட்டும், தாழை இல்லை. உள்ளிருந்து மத்தளம். அம்மப்பா தானாகவே கேட்டு எடுத்திருந்தார், ஒரு வருடத்துக்குப் பிறகு. கை நடுக்கத்தில் ஒரு தாளம் பிந்தியது, அவரே அதைப் பிடித்துச் சரிக்கட்டினார். வரவைப் பாடி முடித்துத் திரையை எடுத்தேன். தாழை நாடியை உயர்த்தித் தூரத்தைப் பார்த்தாள். முதல் ஒரு நிமிடம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. 43 பேர் இருந்தார்கள்.

கதை நடுவில் டொரோண்டோவில் இருந்து ஒருவர், மத்தளம் அடிப்பது யார், எந்த ஊர் அண்ணாவியார் என்று கேட்டார். அம்மப்பாவுக்குக் காது மந்தம். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க என் தோளுக்கு மேலால் குனிந்தார். நான் இடம்விட்டு விலகினேன். கமரா அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டது.

தாழையின் புருவம் நான் ஒருநாளும் உயர்த்தாத அளவுக்கு உயர்ந்தது. தலை மெல்லச் சாய்ந்தது. அம்மப்பா திரையில் அதைக் கண்டார், கண்டதும் நாடியை உயர்த்தினார். 1963இல், 16 வயதில், அவர் முதல்முதல் களரியேறியது பெண் வேடத்தில். அம்மா அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறா.

“பூவிரிந்த வாசத்தோடு வந்தாளே” என்று அவர் எடுத்தார். பல்லில்லாத வாய், ஆனால் அ, இ, உ, எ, ஒ ஐந்தும் தாழையின் உதட்டில் தெளிவாக விழுந்தன. நான் கீழே இருந்து மத்தளத்தை மடியில் எடுத்து, தெரிந்த அளவுக்குத் தட்டினேன்.