உட்கார்ந்து பாடம் நடத்துகிறவள்

பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டால் கிடைத்துவிடும். ஒரு விண்ணப்பம், ஒரு மருத்துவச் சான்றிதழ், தலைமையாசிரியரின் கையெழுத்து, அவ்வளவுதான். "உடம்பைப் பாத்துக்கோங்க டீச்சர்" என்று ஆறுதலும் கூடவே வரும். வேலைக்கு வருகிறேன், எல்லாப் பீரியடும் எடுக்கிறேன், ஆனால் உட்கார்ந்துகொண்டு எடுக்கிறேன் என்று சொன்னால்தான் சிக்கல் ஆரம்பம். திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் நான் விலங்கியல் முதுகலை ஆசிரியை. வராமல் இருந்தால் பொறுத்துக்கொள்கிறவர்கள் உட்கார்ந்தால் ஏன் பதறுகிறார்கள் என்று நானும் சில வருடங்களாக யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எனக்கு இருப்பது 'பாட்ஸ்' என்று சுருக்கிச் சொல்லப்படும் கோளாறு. முழுப்பெயர் போஸ்சுரல் ஆர்த்தோஸ்டேட்டிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தானியங்கு நரம்பு மண்டலம் நடத்தும்போது சொல்வதையே இங்கும் சொல்கிறேன். நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இருக்கும் அழுத்த உணரிகள் அதைக் கண்டுகொண்டு மூளைத்தண்டுக்குச் சொல்கின்றன. உடனே பரிவு நரம்புகள் கீழேயுள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. இதயம் நிமிடத்துக்குப் பத்து பதினைந்து துடிப்பு கூட்டிக்கொள்கிறது. இதை யாரும் நினைத்துச் செய்வதில்லை. நினைக்காமலே நடக்கவேண்டும் என்பதற்காகத்தான் அப்படியொரு மண்டலமே இருக்கிறது. எனக்கு அந்தக் குழாய்கள் வேண்டிய அளவு சுருங்குவதில்லை. இதயம் ஒற்றை ஆளாக ஓடி ஈடுகட்டப் பார்க்கிறது. படுத்திருக்கும்போது 74 இருக்கும் நாடித்துடிப்பு, நின்ற எட்டாவது நிமிடத்தில் 130-ஐத் தாண்டிவிடும். நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு 30-க்கு மேல் ஏறவேண்டும், ரத்த அழுத்தம் பெரிதாக இறங்கியிருக்கக் கூடாது, தொந்தரவு மாதக்கணக்கில் நீடித்திருக்க வேண்டும். அப்போதுதான் இந்தப் பெயரை வைக்கிறார்கள். பதின்பருவத்துப் பிள்ளைகளுக்கு அந்த அளவு 40.

2021-இல் இரண்டாம் அலையில் எனக்குக் கோவிட் வந்தது. வைரஸ் தொற்றுக்குப் பின்னால் பாட்ஸ் தொடங்குவது மருத்துவர்களுக்குப் புதிதல்ல. கோவிட்டுக்குப் பிறகு அது கூடியிருக்கிறது. காய்ச்சல் விட்டு, வீட்டில் ஆன்லைன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவரை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. உட்கார்ந்தே எடுத்தேன் அல்லவா! செப்டம்பர் 1 அன்று ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளி திறந்தது. கரும்பலகையில் தவளையின் இதயத்தை வரையக் கையைத் தூக்கினேன். கண்ணுக்குள் சாம்பல் நிறம் படர்ந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. 'வெண்ட்ரிக்கிள்' என்ற வார்த்தை நாக்கில் வரவில்லை. குனிந்து பார்த்தால் பாதம் இரண்டும் கருஞ்சிவப்பாகக் கன்றிப்போய் இருந்தன.

பிறகு வழக்கமான சுற்று. ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல், தைராய்டு நார்மல், ரத்தத்தில் இரும்புச்சத்து போதுமான அளவு. ஒவ்வோர் இடத்திலும் என்னை உட்காரவைத்தோ படுக்கவைத்தோதான் பார்த்தார்கள். உட்கார்ந்தால்தான் நான் நார்மல் ஆயிற்றே! "டென்ஷன் ஆகாதீங்கம்மா, யோகா பண்ணுங்க" என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். பாட்ஸ் வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் பதினைந்திலிருந்து ஐம்பது வயதுக்குள் இருப்பவர்கள். நெஞ்சு படபடக்கிறது என்று அந்த வயதுப் பெண் ஒருத்தி சொன்னால் மனக்கலக்கம் என்ற முடிவுக்குப் போவது எளிது. கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் சாய்மேசையில் என்னைக் கட்டி நிமிர்த்திவைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். இந்தப் பெயரே 1993-இல்தான் வந்தது, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து ஷோண்டார்ஃப், லோ என்ற இருவர் எழுதிய கட்டுரை வழியாக. அதற்கு நூறு வருடத்துக்கு முன்பே, 1871-இல், டகோஸ்டா என்ற மருத்துவர் அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களிடம் இதேபோல ஒன்றைக் கண்டு 'எரிச்சலுற்ற இதயம்' என்று எழுதியிருக்கிறார். சிப்பாய்களுக்கு வந்தபோது அது இதயத்தின் கோளாறு. எங்களுக்கு வந்தால் டென்ஷன்.

நோய் தெரிந்த பிறகுதான் எங்கள் தொழிலில் எவ்வளவு நிற்கிறோம் என்பதே எனக்குப் புலப்பட்டது. பெரியவர் வந்தால் எழுந்து நிற்கவேண்டும் என்று வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். வகுப்புக்குள் ஆசிரியர் நுழைந்தால் பிள்ளைகள் எழுவார்கள், தலைமையாசிரியர் நுழைந்தால் ஆசிரியர் எழுவார், ஆய்வுக்கு அதிகாரி வந்தால் தலைமையாசிரியர் எழுவார். தண்டனை என்றாலும் நிற்கவைப்பதுதான், மரியாதை என்றாலும் நிற்பதுதான். வகுப்பில் ஆசிரியருக்கென்று ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். வருகைப்பதிவு எடுக்கும்வரை அதில் உட்காரலாம். அதற்குமேல் உட்கார்ந்தால் ஜன்னல் வழியாகப் போகிற யாரும் 'இந்த டீச்சர் பாடம் நடத்தலை' என்று முடிவுசெய்துவிடுவார்கள்.

காலை வழிபாடு இன்னொரு சோதனை. 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, 55 விநாடியில் அதைப் பாடவேண்டும், எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு என்றது. 55 விநாடி எனக்கு ஒரு பொருட்டே இல்லை, சந்தோஷமாக நிற்பேன். அதற்கப்புறம் வரும் உறுதிமொழி, குறள், செய்தி வாசிப்பு, பிறந்தநாள் வாழ்த்து, தலைமுடி வெட்டாதவர்களுக்கான அறிவுரை, இவற்றுக்கு எந்த அரசாணையிலும் நேரக்கணக்கு இல்லை. தேசிய கீதம் 52 விநாடிதான். ஆனால் அது வருவதற்குள் வெயில் தலைக்கு மேல் வந்திருக்கும். வெயில் பட்டால் தோலின் ரத்தக் குழாய்களும் விரிந்துகொள்ளும். எனக்கு இருக்கிற ரத்தம் இன்னும் பற்றாமல் போகும்.

உட்கார அனுமதி கேட்டுப் போனபோது அன்றைய தலைமையாசிரியர் கெட்ட மனிதரில்லை. "மெடிக்கல் லீவ் போட்டுட்டு ஒரு மூணு மாசம் ரெஸ்ட் எடுங்களேன்" என்றார். மூன்று மாதத்தில் போகிற நோயில்லை சார் என்றேன். "அப்ப மாற்றுத்திறனாளி சர்ட்டிபிகேட் இருக்கா?" என்றார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் என் நோயின் பெயர் கிடையாது. சலுகைகள் பெரும்பாலும் 40 சதவீதத்திலிருந்துதான் தொடங்குகின்றன. நான் நடக்கிறேன், படி ஏறுகிறேன், சிரித்துப் பேசுகிறேன். என்னை எத்தனை சதவீதம் என்று யார் அளப்பது? கடைசியில், "எழுத்துல வேண்டாம், உட்கார்ந்துக்கோங்க. யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் ஓய்வுபெறும்வரை பார்த்துக்கொள்ளவும் செய்தார். அவர் போனதும் அந்த அனுமதியும் அவரோடு போய்விட்டது என்பது வேறு கதை.

வகுப்பு நாற்காலியில் உட்கார்ந்தால் கடைசி பெஞ்சு தெரியாது. ஆகவே விலங்கியல் ஆய்வகத்திலிருந்து உயரமான ஸ்டூல் ஒன்றைத் தூக்கிவந்தோம். அதன் காலில் வெள்ளைப் பெயிண்டில் ஸ்டாக் எண் எழுதியிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஆய்வகத்தில் இருப்பு சரிபார்க்கும்போது ஒரு ஸ்டூல் குறையும். அதனால் அந்த ஒரு நாள் மட்டும் ஸ்டூல் ஆய்வகத்துக்குத் திரும்பிவிடும். வகுப்பையும் அங்கேயே வைத்துக்கொள்வேன்.

எங்கள் பள்ளி திறந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை, 2021 செப்டம்பர் 6 அன்று, கடை ஊழியர்களுக்கு உட்காரும் வசதி தரவேண்டும் என்ற திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் வந்தது. அந்தச் செய்தியை நான் படுத்துக்கொண்டுதான் படித்தேன். கேரளம் 2018-லேயே இதைச் செய்திருந்தது; ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி வாங்கியது அது. கடைகளுக்கும் நிறுவனங்களுக்குமான சட்டம் பள்ளி ஆசிரியைக்குப் பொருந்தாது. ஆனாலும் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது, கவுண்டரில் நின்ற என் பழைய மாணவி ஒருத்தியிடம் கேட்டேன். "ஸ்டூல் போட்டிருக்காங்க மிஸ். கஸ்டமர் இல்லாதப்ப உட்காரலாம்" என்றாள். உட்காருவியா என்றேன். "சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனா" என்று சிரித்தாள். சட்டம் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டது. உட்கார்ந்தால் சோம்பேறி என்று பார்க்கிற கண்ணை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எனக்கு மிகவும் உதவியது அனுதாபப்பட்டவர்கள் இல்லை. டைம்டேபிள் போடுகிற கணக்கு சார்தான். விஷயத்தைச் சொன்னதும் அவர் "ஐயோ பாவம்" என்று சொல்லவில்லை. "ஒரே மூச்சுல எத்தனை நிமிஷம் நிப்பீங்க டீச்சர்? சாப்பிட்டதும் எப்படி இருக்கும்? மாடிப்படி எத்தனை?" என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். சாப்பிட்டவுடன் ரத்தம் குடலுக்குப் போய்விடும், மதியம் முதல் பீரியடில் நான் பாதி ஆள்தான் என்றேன். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து எனக்கு மதியம் முதல் பீரியட் இல்லை, தொடர்ச்சியாக மூன்று பீரியட் இல்லை, பிளஸ் டூ வகுப்பு தரைத்தளத்துக்கு வந்துவிட்டது. என் நோயை அவர் ஒரு கணக்காக மட்டும் எடுத்துக்கொண்டார். அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, வருடக்கணக்கில் பரிதாபத்தையும் சந்தேகத்தையும் மாறிமாறி வாங்கியவர்களுக்குத்தான் விளங்கும்.

மற்றபடி வைத்தியம் என்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்தச் சிறிய அளவில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். மருத்துவர் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீரும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு உப்பும் எடுக்கச் சொன்னார். (என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துச் சொன்னது, யாரும் தானாகத் தொடங்கிவிட வேண்டாம்.) உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது. வீட்டில் மாமியாருக்கு உப்பில்லாச் சமையல், எனக்கு உப்பு போட்ட மோரும் நார்த்தங்காய் ஊறுகாயும். மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கிற ஆசிரியைக்கு இடைவேளையில் மட்டும் கழிப்பறை போதுமா என்பதை எந்த மருத்துவரும் யோசிப்பதில்லை. எங்கள் பள்ளியில் ஆசிரியைகளின் கழிப்பறை மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

புடவைக்குள் இடுப்புவரை இறுக்கமான காலுறை போட்டிருப்பேன். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு திரிவது தனி தவம். ஒட்டகச்சிவிங்கி பற்றி நடத்தும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுவேன். அதன் ரத்த அழுத்தம் நம்முடையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவ்வளவு நீளமான காலில் ரத்தம் தேங்காமல் இருப்பதற்குக் காரணம், காலைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும் தடித்த தோல். அதற்குப் பிறவியிலேயே கிடைத்ததை நான் மெடிக்கல் ஷாப்பில் காசு கொடுத்து வாங்குகிறேன். ஸ்டூல் இல்லாத இடத்தில் சமாளிக்க வேறு வழிகளும் உண்டு. கால்களைக் கத்தரிபோலப் பின்னி நின்று தொடையை இறுக்கலாம். சாக்பீஸ் கீழே விழுந்தது என்று குத்தவைத்து உட்காரலாம். உட்கார்ந்ததும் காலில் தேங்கிய ரத்தம் மேலேறிவிடும். சாக்பீஸ் தேட நான் எடுத்துக்கொள்ளும் நேரம் எங்கள் பள்ளியில் பிரசித்தம்.

இதில் தீராத ஒன்று பொதுத்தேர்வு. பிளஸ் டூ தேர்வில் அறைக் கண்காணிப்பாளர் பத்து மணியிலிருந்து ஒன்றேகால் வரை வேறொரு பள்ளியில், நம்மைத் தெரியாதவர்கள் நடுவில் இருக்கவேண்டும். அங்கே உட்கார்ந்தால் கவனக்குறைவு. நடந்துகொண்டே இருந்தால் எனக்கு ஓரளவு பரவாயில்லை, கெண்டைக்கால் சதை ரத்தத்தை மேலே தள்ளும். ஆனால் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தால் எழுதுகிற பிள்ளைக்கு இடைஞ்சல். ஒருமுறை பாதித் தேர்வில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். சுற்றிப் பார்க்க வந்தவர், "தூக்கம் வருதா மேடம்?" என்றார். விலக்கு கேட்டு ஆண்டுதோறும் விண்ணப்பிக்கிறேன். சில ஆண்டு கிடைக்கிறது, சில ஆண்டு இல்லை. விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போக மட்டும் நான் மறுப்பதே இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை. பையின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டால் ராணி மாதிரி இருக்கலாம்.

ஸ்டாஃப் ரூமில் இன்றும் ஒரு கேள்வி சுற்றிக்கொண்டிருக்கிறது: "நேத்து நல்லாத்தானே இருந்தாங்க?" நேற்று நன்றாகத்தான் இருந்தேன். மழை பெய்து குளிர்ந்திருந்தது, இரவு நன்றாகத் தூங்கியிருந்தேன், ஆண்டுவிழா ஒத்திகையில் அரை மணி நேரம் நின்றேன். அதற்கான விலையை இன்றைக்குக் கொடுக்கிறேன். ஒரே சீராக முடியாதவர்களை எல்லோருக்கும் புரிகிறது. ஒரு நாள் முடிந்து மறுநாள் முடியாமல் போகிறவர்கள் நடிக்கிறார்கள் என்று தோன்றிவிடுகிறது. அதற்காக முடிந்த நாளிலும் முடியாதவள்போல இருக்கவேண்டுமா? ஒரு காலத்தில் எனக்கும் அந்தச் சபலம் வந்ததுண்டு. இப்போது முடிந்த நாளில் நிற்கிறேன், பேசுகிறவர்கள் பேசட்டும்.

சென்ற ஆண்டு தானியங்கு நரம்பு மண்டலம் நடத்தும்போது பிள்ளைகளைத் தங்கள் நாடியைத் தாங்களே எண்ணவைத்தேன். பெஞ்சில் படுத்து ஒருமுறை, நின்று ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை. பெரும்பாலோருக்குப் பத்து, பதினைந்து, இருபது கூடியது. ஒரு பெண் மட்டும் தன் எண்ணை அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தாள். வழிபாட்டில் அடிக்கடி மயங்கி விழுகிறவள். "காலைல சாப்பிடாம வராளுக" என்று பி.டி. சார் வழக்கமாகத் திட்டுகிற பட்டியலில் அவளும் உண்டு. நின்று மயங்குகிறவர்கள் எல்லோருக்கும் பாட்ஸ் கிடையாது. வெயிலில் நிற்கிற பதின்பருவத்துப் பிள்ளைகள் சாதாரணமாகவே விழுவதுண்டு. அதையும் அவளிடம் சொன்னேன். ஆனாலும் நானே எண்ணிப் பார்த்தபோது வித்தியாசம் 46 இருந்தது. அம்மாவிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன்.

அந்த வாரமே அவள் அம்மா போன் செய்தார். பீடி சுற்றுகிறவர். "டாக்டர் எல்லாம் பாத்துட்டாருங்க டீச்சர். பிரஷர் நார்மல், நாடி நார்மல். பொம்பளப் பிள்ளைகளுக்கு இந்த வயசுல வரதுதான்னு சொல்லிட்டாரு."

"உட்காரவச்சுப் பாத்தாங்களா, நிக்கவச்சா?"

"உட்காரவச்சுத்தான்."

"திரும்பக் கூட்டிட்டுப் போங்கக்கா. முதல்ல படுக்கவச்சு எண்ணச் சொல்லுங்க, அப்புறம் பத்து நிமிஷம் நிக்கவச்சு எண்ணச் சொல்லுங்க. நான் எண்ணின நம்பரை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துவிடறேன், அதையும் காட்டுங்க."